தளர்ந்த தோழர்க்குத் துணைநிற்றல்

(வெள்ளிவிழாவின் இரண்டாம் நாள் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

வெள்ளிவிழா மேடையில் வாழ்த்துரைகளுக்குக் குறைவில்லை. நேற்று மாலை முதல் அவற்றைச் செவிகுளிரக் கேட்டு மகிழ்ந்தோம். ஆனால் செயலாளர் அவர்கள் நமக்கு இட்ட பணி வேறு. இச்சங்கத்தின் இரவு வகுப்புகளில் படித்து அரசுப் பணிக்குச் சென்றுள்ள இளைஞர்கள் பலர் இங்கு வந்துள்ளனர். பணியிடத்தில் அவர்களுக்குப் பயன்படுமாறு ஒரு பொருள் குறித்துப் பேசுங்கள் என்றார். எனவே, நம் அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் எல்லோரும் அறிந்திருந்தும் எவரும் மேடையில் பேசாத ஒன்றைப் பேசத் துணிந்தோம். உடன் பணிபுரியும் ஒருவர் தளர்ந்து விழும்போது நாம் அவருக்கு எந்த அளவு துணை நிற்பது, எந்த இடத்தில் நிற்க மறுப்பது என்பதே அப்பொருள்.

தளர்ந்த தோழர் என்று நாம் குறிப்பிடுவது வேலையைத் தட்டிக்கழிக்கும் சோம்பேறியை அன்று. அத்தகையோர் எல்லாச் சமுதாயத்திலும் உளர். அவர்களைப் பற்றிப் பேசி இந்த நல்ல காலைப்பொழுதை வீணாக்க வேண்டுவதில்லை. நன்றாகப் பணியாற்றிக்கொண்டிருந்தவர், ஆற்ற விரும்புகிறவர், ஆயினும் ஆற்ற இயலாமற்போனவர். அவரைப் பற்றியே பேசுகிறோம்.

ஒரு தெருவில் முதன்முதலாக அரசு ஊதியம் பெறும் ஒருவர் தோன்றுகிறார் எனக் கொள்வோம். அவ்வூதியம் ஒருவருடைய ஊதியமாக இருப்பதில்லை. தம்பியின் கல்லூரிக் கட்டணம், தங்கையின் திருமணம், தந்தையின் மருத்துவம், கூரை வீட்டைத் தளமாக்கும் செலவு, பெரியப்பா மகன்மீது போடப்பட்ட வழக்குக்கு வக்கீல் கட்டணம், காதணி விழாக்களின் மொய் ஆகிய அனைத்தும் அந்த ஒரே பையிலிருந்து போகவேண்டும். மூன்று தலைமுறையாக நிலம் வைத்திருந்த வீட்டுப் பிள்ளைக்கும் இவருக்கும் சம்பளப் பட்டியலில் ஒரே தொகைதான். ஆனால் அந்தப் பிள்ளை வாங்கும் சம்பளம் வீட்டிலிருக்கும் நெல்லோடு சேர்கிறது. இவர் வாங்குவதோ வீட்டிலிருக்கும் கடனோடு சேர்கிறது. இந்த வேறுபாட்டை அறியாமல் இவருடைய தளர்ச்சியை அளவிடுவோர் தவறாகவே அளவிடுவர்.

அன்றியும், நம் மக்களிடையே பணித்தோழர்மீதுள்ள பற்று சற்று மிகுதியாக இருப்பதற்கு ஒரு வரலாறு உண்டு. அண்ணல் அம்பேத்கர் அவர்கள் பரோடா மன்னரின் உதவித்தொகையால் 1913-இல் அமெரிக்கா சென்று கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். அந்த உதவிக்கு ஈடாகப் பரோடா அரசில் பணியாற்ற வேண்டும் என்பது ஒப்பந்தம். 1917-இல் அவ்வாறே பணியேற்கச் சென்றார். அலுவலகத்தில் கடைநிலை ஊழியர்கள்கூட எட்ட நின்று கோப்புகளை அவர் மேசைமீது எறிந்தனர். தங்க இடமில்லை. பார்சிகளின் விடுதியொன்றில் வேறு பெயரில் தங்கினார். சில நாள்களில் அதுவும் வெளிப்பட்டு, தடிகளுடன் ஒரு கூட்டம் வந்து வெளியேறச் சொல்லிற்று. நகரில் அறிமுகமான நண்பர்கள் இருவர் இருந்தனர். ஒருவர் இந்து, மற்றவர் கிறித்தவர். இருவரும் தத்தம் வீட்டு நிலையைக் காரணங்காட்டி இடம்தர இயலாமையைத் தெரிவித்துவிட்டனர். வெளிநாட்டில் உயர்கல்வி பெற்றுத் திரும்பிய அப்பேரறிஞர் ஒரு பொதுப் பூங்காவில் பல மணிநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு வண்டியில் பம்பாய்க்குத் திரும்பினார். இவற்றுள் விடுதியிலும் பூங்காவிலும் நிகழ்ந்ததைப் பின்னாளில் அவரே எழுதி வைத்துள்ளார்.

நண்பர்களே, அந்தப் பரோடா அலுவலகத்தில் அவருக்கு உற்ற தோழர் ஒருவர் இருந்திருப்பாரேயானால் அந்த மாலைப்பொழுது அவ்வாறு கழிந்திருக்காது. பணியிடத்தில் துணையின்றி நிற்பது எத்தகையது என்பதை நம் முன்னோர் நன்கு அறிவர். ஆதலின், நம்மவர் ஒருவர் தடுமாறினால் நாம் ஓடிச்சென்று தாங்குகிறோம். அது தவறன்று, பெருமைக்குரியது.

இன்னொரு காரணமும் உண்டு. அது அவ்வளவு பெருமைக்குரியதன்று. மற்றையோர் ஒருவர் வேலைக்கு வராவிட்டால், ‘பாவம், என்ன கஷ்டமோ’ என்பர். நம்மவர் வராவிட்டால், ‘இவர்களுக்கெல்லாம் இட ஒதுக்கீட்டில் வேலை கொடுத்தால் இப்படித்தான்’ என்பர். ஓய்வறைத் தேநீருக்கிடையே தாழ்ந்த குரலில் கூறப்படும் அச்சொல் நம் காதில் விழவேண்டுமென்றே கூறப்படுவதாகும். அரசமைப்புச் சட்டத்தின் 16(4)-ஆம் உறுப்பு தந்த உரிமையைத் தேநீர்க் கோப்பையில் கரைத்துக் குடித்துவிடுவார்கள்! ஒருவர் செய்யும் பிழை ஊர்ப் பிழையாக, இனப் பிழையாக எண்ணப்படும் நிலையில், அப்பிழையை வெளியில் தெரியாமல் மூடிவிட வேண்டும் என்னும் எண்ணம் தானே எழுகிறது. துணைநிற்றல் மெல்ல மெல்ல மூடிமறைத்தலாக மாறுவது இவ்விடத்தில்தான்.

நாம் கண்ட ஒன்றைக் கூறுவோம். ஊரும் பெயரும் வேண்டா.

கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்து ஓரிரு ஆண்டுகள் ஆகியிருந்த காலம். நாம் தலைமையாசிரியராக இருந்தது ஒரு நடுநிலைப்பள்ளி. ஆறு முதல் எட்டு வகுப்பு வரை கணக்கும் அறிவியலும் கற்பிக்க ஒரே ஒரு பட்டதாரி ஆசிரியர். சட்டமும் அந்த நிலைக்குக் கணக்கு, அறிவியலுக்கென ஒருவரேனும் இருத்தல் வேண்டும் என்றுதான் கூறுகிறது. அந்த ஒருவர் நம் மக்களில் பிறந்தவர். தம் தெருவின் முதல் பட்டதாரி. அவர் பின்னம் நடத்தும் அழகைப் பார்க்க நாம் சில நாள் வகுப்புக்கு வெளியே நின்றதுண்டு. வீட்டிலிருந்து படி, உழக்கு, ஆழாக்கு ஆகிய அளவைகளைப் பையில் கொண்டுவருவார். மணலை அளந்து கொட்டி, எட்டு ஆழாக்கு ஒரு படி, இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, ஆகவே ஓர் உழக்கு ஒரு படியில் எத்தனை பங்கு என்று கேட்பார். ரேஷன் அரிசி அளந்து பழகிய பிள்ளைகள் கரும்பலகையைப் பாராமலே கால் என்று கூவுவார்கள்.

அவருடைய தந்தைக்குச் சிறுநீரகம் பழுதாயிற்று. அதற்கு முன்பே தங்கையின் திருமணக் கடன் இருந்தது. 2003 ஏப்ரல் 1-க்குப் பின் பணியேற்றவர் ஆதலால் அவர் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தைச் சேர்ந்தவர். மூத்தவர்களாகிய நாம் அவசரத்துக்கு வருங்கால வைப்பு நிதியில் முன்பணம் எடுத்தோம். அந்தக் கதவு அவருக்கு அடைபட்டிருந்தது. கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கத்தில் கடன் வாங்கினார். அது போதாமல் வட்டிக்காரரிடம் வாங்கினார். பிறகு குடி வந்தது. குடியினால் கடன் வந்ததாக ஊரார் பேசினர். நாம் அறிந்தவரை கடன்தான் முதலில் வந்தது. 1937-இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கி நாட்டுக்கு வழிகாட்டிய மாகாணத்தில், 2003 முதல் சில்லறைக் கடையையும் அரசே நடத்துகிறது. ஒரு கையால் சம்பளம் கொடுத்து மறுகையால் வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு. இதற்கு மேல் இம்மேடையில் சொல்ல நாம் அரசு ஊழியர், விட்டுவிடுவோம்.

முதலில் திங்கட்கிழமைகளில் வரவில்லை. பின்னர் செவ்வாயும் சேர்ந்தது. உடன் பணியாற்றியோர் நல்லவர்கள். வகுப்புகளை ஒன்றாகச் சேர்த்து அமரவைத்தார்கள். எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி ஆறாம் வகுப்பின் முன் நின்று வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பாள். அவளுக்கு வகுத்தல் யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று எவரும் கேட்கவில்லை. ஆசிரியர் வருகைப் பதிவேட்டில் அவருடைய கட்டத்தை வெறுமையாக விட்டுவிட வேண்டும், வரும் நாளில் வந்து கையொப்பமிட்டுக்கொள்வார் என்பது ஆசிரியர்கள் நம்மிடம் வைத்த வேண்டுகோள். பல அலுவலகங்களில் இது வழக்கந்தான் என்பதை இங்குள்ளோர் அறிவீர்கள்.

கட்டத்தை வெறுமையாக விட முடியாது என்று நாம் கூறினோம். வாராத நாள்களுக்குத் தற்செயல் விடுப்பு என்று குறித்தோம். ஆண்டுக்கு 12 நாள். அது ஆகஸ்டு முடிவதற்குள் தீர்ந்துவிட்டது. மூத்த ஆசிரியர் ஒருவர், அவரும் நம் மக்களைச் சேர்ந்தவரே, மாலையில் நம் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். ‘நம்ம பையனை நாமே எழுதிக்கொடுப்பதா சார்? வெளியாள் எழுதினால் ஒத்துக்கொள்ளலாம். நீங்களே எழுதினால் நாளைக்கு யார் முகத்தில் விழிப்பீர்கள்?’ என்று கேட்டார். அக்கேள்வி எளிதானதன்று. அதனைக் கேட்டவரும் தீயவரல்லர். அவர் தம் கைப்பணத்தில் அந்தத் தந்தையின் மருந்துக்கு இருமுறை கொடுத்தவர். இன்றும் நம்மில் பெரும்பாலோர் அவர் பக்கமே நிற்பர். அவருக்கு நாம் அன்று கூறிய விடையையே இன்று உங்கள் முன்னும் வைக்கிறோம்.

அப்பள்ளியில் படித்த பிள்ளைகள் யாருடைய பிள்ளைகள்? ஊரில் வசதியுள்ளோர் வேன் வைத்துத் தனியார் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டனர். எஞ்சியவர் நம் தெருப்பிள்ளைகளும், நம்மைப்போன்ற ஏழை எளியவர் பிள்ளைகளும் மட்டுமே. உயர்தொடக்க வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 220 நாள், 1,000 மணிநேரக் கல்வி என்று சட்டம் வரையறுத்துள்ளது. வாரத்துக்கு இரண்டு நாள் கணக்காசிரியர் இல்லை என்றால் ஐந்தில் இரண்டு பங்கு, அதாவது 88 நாள் கணக்கு இல்லை. எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய்வழித் திறன் படிப்புதவித் தேர்வு நடக்கிறது. தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நான்காண்டுக்கு உதவித்தொகை. அக்காலத்தில் மாதம் 500 ரூபாய், 2017 முதல் 1,000 ரூபாய். கூலிவேலை செய்யும் தாய்க்கு, பெண்பிள்ளையை மேலே படிக்கவைக்க அது ஒரு பிடிமானம். அவ்வாண்டு நம் பள்ளியில் அத்தேர்வை எழுதியோர் ஏழு பேர். வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்த சிறுமியும் அவர்களுள் ஒருத்தி. எவரும் தேறவில்லை. மூடிமறைத்ததன் செலவை ஆசிரியர்கள் ஏற்கவில்லை, அரசு ஏற்கவில்லை. அந்த ஏழு பிள்ளைகள் ஏற்றார்கள். நம்மவரைக் காப்பதற்காக நம்மவர் பிள்ளைகளைக் கைவிடுவதை இனப்பற்று என்று எப்படி அழைப்பது என்று அம்மூத்த ஆசிரியரைக் கேட்டோம். அவர் விடை கூறவில்லை. ஒப்புக்கொண்டதாகவும் கூற முடியாது.

1956 மார்ச் 18-ஆம் நாள் ஆக்ராவில் பேசிய அண்ணல், படித்துப் பதவி பெற்றவர்கள் தம்மை ஏமாற்றிவிட்டதாக மனம் நொந்தார். அதனை நம்மவர் மேடைதோறும் எடுத்துரைக்கிறோம். படித்தவர்கள் யாரை மறந்தார்கள் என்று அவர் வருந்தினாரோ, அவர்களுடைய பேரப்பிள்ளைகள்தாம் இந்தப் பள்ளிகளில் அமர்ந்துள்ளார்கள்.

இனி, எழுதிக்கொடுப்பது என்றவுடன் ஒருவரை அழித்துவிடுவது என்று எண்ணுகிறோமே, அது அறியாமையால் வரும் அச்சம். தமிழ்நாடு குடிமைப் பணிகள் ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகளில் 17(அ), 17(ஆ) என இரண்டு உண்டு. அரசுப் பணியில் இருப்போர் இவ்விரண்டு எழுத்துகளின் வேறுபாட்டைக் கட்டாயம் அறிந்துகொள்ள வேண்டும். முன்னது சிறு தண்டனைகளுக்குரியது: கண்டனம், ஊதிய உயர்வை நிறுத்திவைத்தல் போன்றவை. பின்னது பெருந்தண்டனைகளுக்குரியது: பதவியிறக்கம், கட்டாய ஓய்வு, பணிநீக்கம், பணியறவு. தொடக்கத்திலேயே உண்மையைப் பதிவு செய்து, மருத்துவ விடுப்புக்கு விண்ணப்பிக்கச் செய்தால் பெரும்பாலும் விதியளவுக்கே போகாது. போனாலும் முன்னதோடு நின்றுவிடும். இரண்டாண்டு மூடிவைத்து, ஒருநாள் மேலதிகாரி திடீர்ப் பார்வைக்கு வந்து, பதிவேட்டில் பொய்க் கையொப்பம் கண்டுபிடிக்கப்பட்டால், அவர் பின்னதில் மாட்டுவார். உடன்பட்டவர்களும் அவரோடு மாட்டுவார்கள். அப்போதும் அரசமைப்புச் சட்டத்தின் 311-ஆம் உறுப்பு விசாரணையின்றி நீக்கக்கூடாது என்று காவல் நிற்கும். ஆனால் ஆவணமே பொய்யாக இருக்கும்போது எந்தக் காவலும் ஓரளவுக்குத்தான்.

அத்தோழரின் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சென்றோம். காலையில் சென்றதற்குக் காரணம் உண்டு. மாலையில் சென்றால் பேச ஆள் இருக்கமாட்டார். அவர் தலைகுனிந்து அமர்ந்திருந்தார். அவர் மனைவிதான் பேசினார். ‘அண்ணா, சம்பளத்தில் மட்டும் கைவைத்துவிடாதீர்கள்; பிள்ளைகளுக்கு நான் எதை வைப்பேன்?’ என்றார். மருத்துவ விடுப்பு முறையாக எடுத்தால் ஊதியம் உண்டு, எடுக்காமல் நின்றால்தான் ஊதியம் போகும் என்பதை விளக்க ஒரு மணிநேரம் ஆயிற்று. அவர்களுக்கு அதுவரை எவரும் கூறவில்லை. விடுப்பு என்றால் வேலை போய்விடும் என்று நினைத்திருந்தார்கள்.

மறுநாள் அவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். இங்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். குடியில் ஆழ்ந்தவரை, ‘நாளை முதல் தொடாதே’ என்று சத்தியம் வாங்குவது நம் வழக்கம். நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் இரண்டு மூன்று நாள்களுக்குள் வலிப்பும் சித்தப் பிரமையும் வரக்கூடும், உயிருக்கே கேடாகலாம். மருத்துவர் கண்காணிப்பில் மருந்து கொடுத்தே நிறுத்த வேண்டும். கோயிலில் கயிறு கட்டுவோர் கட்டிக்கொள்ளட்டும்; கட்டியபின் மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும். நான்கு மாத விடுப்பு. அக்காலத்தில் பக்கத்துப் பள்ளியிலிருந்து வாரம் இரண்டு நாள் ஓர் ஆசிரியரை மாற்றுப்பணியில் அனுப்புமாறு எழுதிக் கேட்டுப் பெற்றோம். விடுப்பு பதிவாகாமல் இருந்திருந்தால் அதையும் கேட்டிருக்க முடியாது; ஏட்டின்படி நம் பள்ளியில் கணக்காசிரியர் நாள்தோறும் இருந்தார் அல்லவா!

மனநோயாக இருந்தால் இன்னும் வலுவான பாதுகாப்பு இன்று உண்டு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் மனநோயும் அடங்கும். பணிக்காலத்தில் அத்தகைய குறைபாட்டுக்கு ஆளானவரை அரசு பணிநீக்கவோ பதவியிறக்கவோ கூடாது. அதே ஊதியத்தில் அவருக்கு ஏற்ற வேறு பணிக்கு மாற்றவேண்டும். அதுவும் இல்லையேல் மிகைப் பணியிடம் உண்டாக்கியேனும் வைத்திருக்கவேண்டும் என்று அச்சட்டத்தின் 20-ஆம் பிரிவு கூறுகிறது. இப்பாதுகாப்பைப் பெற மருத்துவச் சான்று வேண்டும். மூடிமறைத்தவருக்குச் சான்று ஏது?

அடுத்து, ஜாமீன். இளைஞர்கள் இதைக் கூர்ந்து கேட்க வேண்டுகிறோம். கூட்டுறவுச் சங்கக் கடனுக்கு உடன் பணிபுரிவோர் ஜாமீன் கையெழுத்திடுவது எல்லாப் பள்ளிகளிலும் நடப்பது. மேசைமீது தாளை வைத்து, ‘இங்கே ஒரு கையெழுத்து சார்’ என்றால், படித்துப் பார்ப்பதே நட்புக்கு இழுக்கு என்று எண்ணி ஒப்பமிட்டுவிடுகிறோம். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 128-ஆம் பிரிவு: கடன் வாங்கியவரின் பொறுப்பு எவ்வளவோ அவ்வளவும், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்பட்டிருந்தாலன்றி, ஜாமீன்தாரரின் பொறுப்பு. பாதியன்று, சாட்சி மட்டுமன்று. கட்டிய பணத்தைக் கடனாளியிடம் திரும்பப் பெறும் உரிமையை 145-ஆம் பிரிவு தருகிறது. ஆனால் ஒன்றுமில்லாதவரிடம் உரிமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நம் தோழரின் கடனுக்கு ஒப்பமிட்டவர்களுள் தமிழாசிரியை ஒருவரும் இருந்தார். கணவரை இழந்தவர். தவணை நின்றதும் அவர் சம்பளத்தில் பிடித்தம் தொடங்கிற்று. மகள் கல்லூரியில் சேரவேண்டிய ஆண்டு அது. அந்த அம்மையார் ஒருநாளும் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. நம் கண்ணுக்குத் தெரியாமல் மகளின் படிப்பு ஓராண்டு தள்ளிப்போயிற்று.

சில மாதங்கள் கழித்து இன்னொரு கடனுக்கு ஜாமீன் கேட்டு அத்தோழர் நம்மிடம் வந்தார். நாம் மறுத்தோம். மறுத்துவிட்டு அனுப்பாமல், கடன்களையெல்லாம் ஒரு தாளில் எழுதச் சொன்னோம். எழுதி முடிக்கும்போது அவரே திடுக்கிட்டார். மொத்தத்தை அதுவரை அவர் கூட்டிப் பார்த்ததில்லை. கணக்காசிரியர்! வட்டிக்காரர் வாங்கியது கந்துவட்டி. அதனைத் தடுக்க 2003-இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்துள்ளது. காவல் நிலையத்துக்குப் போகாமலேயே, அச்சட்டத்தின் பெயரைச் சொல்லி நான்கு பேர் உடன்சென்று பேசியபோது வட்டி நின்று அசல் தவணையாயிற்று. இந்த வேலைக்குத் துணை வேண்டும். கையெழுத்துக்கு வேண்டுவது அத்துணையன்று.

பிள்ளைகளின் உடலுக்கோ மானத்துக்கோ ஒருவரால் ஊறு நேர்ந்தால் அங்கே துணை என்ற பேச்சுக்கே இடமில்லை. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டுச் சட்டம், அறிந்தவர் எவராயினும் உடனே தெரிவிக்க வேண்டும் என்கிறது. தெரிவிக்கத் தவறியவருக்கே சிறைத்தண்டனை உண்டு. அவர் கடனாளியா, நோயாளியா, நம்மவரா என்ற ஆராய்ச்சி அங்கே வேண்டா. இதை விரித்துரைக்கவும் வேண்டா.

வள்ளுவர் நட்பினைப் பற்றி ஐந்து அதிகாரங்கள் வகுத்தார். தம் பாட்டனார் கந்தப்பன் கொடுத்த ஏட்டின் வழியாகவே திருக்குறள் எல்லிஸ் துரைக்குக் கிடைத்தது என்று அயோத்திதாசப் பண்டிதர் எழுதியுள்ளார். ஆகவே குறளைப் பற்றி நாம் சற்று உரிமையோடு பேசலாம்! நட்பு என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் உடைநெகிழ்ந்தவன் கையைப்போல் விரைந்து உதவவும் சொல்கிறார். வரம்பு கடந்தபோது முன்சென்று இடித்துரைக்கவும் சொல்கிறார். இரண்டும் ஒரே அதிகாரத்தில், ஒரு கைவிரல் தொலைவில் உள்ளன. நம் மேடைகளில் முன்னதை மட்டுமே எடுத்தாள்கிறோம்; கைதட்டல் அதற்குத்தானே கிடைக்கிறது.

அத்தோழர் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். விடுப்பு முடிந்து திரும்பினார். ஐந்து மாதம் நன்றாக இருந்தார். தந்தை இறந்தபோது மறுபடியும் குடித்தார்; ஒன்பது நாள் சொல்லாமல் நின்றார். நாம் அறிக்கை அனுப்பினோம். 17(அ)-இன்கீழ்க் குறிப்பாணை வந்து, ஊதிய உயர்வு ஓராண்டு நிறுத்தப்பட்டது. மறுபடி மருத்துவமனை. அதன்பின் குடிக்கவில்லை என்று அறிகிறோம். கலந்தாய்வில் வேறு பள்ளிக்கு மாறுதல் பெற்றுச் சென்றார். இன்றும் பணியில் இருக்கிறார். மணலும் படியும் கொண்டு பின்னம் நடத்துகிறாராம். தமிழாசிரியையின் பணத்தில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நம்மோடு மட்டும் அவர் பேசுவதில்லை. ஒரு திருமண வீட்டில் எதிர்ப்பட்டபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் மனைவி பொங்கலன்று தொலைபேசியில் வாழ்த்துக் கூறுவார். அந்த மூத்த ஆசிரியர் ஓய்வுபெறும் நாள் வரையில், ‘நீங்கள் செய்தது சரியாகவே இருக்கட்டும், என்னால் செய்திருக்க முடியாது’ என்றுதான் கூறிவந்தார். அவரை நாம் குறைவாக மதிக்கவில்லை.

முடிக்குமுன் நிருவாகக் குழுவுக்கு ஒரு வேண்டுகோள். இச்சங்கம் மாணவர்களுக்கு உதவித்தொகை வழங்குகிறது. மாலை வகுப்பு நடத்துகிறது. வேலைக்குப் போனபின் அவர்களை வழியனுப்பிவிட்டு நன்கொடைக்கு மட்டும் தேடுகிறது. மாதம் ஒரு ஞாயிறு காலை, சங்கக் கட்டடத்தின் ஓர் அறையைப் பணியாளர்களுக்கெனத் திறந்து வையுங்கள். விடுப்பு விதி அறிந்த ஓய்வுபெற்ற அலுவலர் ஒருவரும், வங்கிப் பணியாளர் ஒருவரும் அங்கே அமரட்டும். கடன் தாள்களையும் குறிப்பாணைகளையும் கொண்டுவருவோர் கூச்சமின்றிக் கொண்டுவரட்டும். பேசுவது அவ்வறையைவிட்டு வெளியே போகக்கூடாது. வட்டியில்லாக் கைமாற்றுக்கு ஒரு சிறு நிதியும் வேண்டும். அதற்கு ஜாமீன் கேட்க வேண்டா, தவணைநாள் மட்டும் எழுதி வாங்குங்கள். அடுத்த குழுக் கூட்டம் வரும் மாதம் முதல் ஞாயிறு என்று செயலாளர் கூறினார். அதில் இதனை எடுத்துக்கொள்வீர்களாயின், நம் பங்காக ஒரு மாத ஊதியத்தை அந்நிதிக்கு அன்றே செலுத்துவோம். முதல் ஆறு மாதம் அவ்வறையில் நாமே அமர்வோம்.